நாங்கள் வாங்கிய ஸ்டே

போன புதன்கிழமை கோர்ட்டில் எங்கள் ஃபுட்பால் கிளப் மறுபடியும் ஜெயித்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜெயித்தவன் ஏன் இப்படிப் பேசுகிறான் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். மராத்தி பேசும் ஊரில், தேஹு ரோடு பஜாரில் செருப்புக் கடை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். படிப்பு எட்டாவது. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும் – எங்கள் ஊர் கிளப்புக்கு நான்தான் செக்ரட்டரி.

நான் பந்து ஆடியவன் இல்லை. பசங்களின் பூட்ஸ் பிய்ந்தால் தைக்க என் கடைக்கு வரும். முதலில் பூட்ஸ் வந்தது. பிறகு பந்து வந்தது. ஒருநாள் கிளப்பின் ரப்பர் ஸ்டாம்பும் வந்தது. அதை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

எங்கள் கோல்கீப்பர் பெயர் செல்வின். அவன் அப்பா டிப்போவில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர்களும் நம்ம பக்கம்தான், நாசரேத். பையன் பிறந்தது இங்கே. தமிழ் பேசுவான், நடுநடுவே ஹிந்தி முட்டும். என்னை சாச்சா என்பான், சித்தப்பா மாதிரி. மைதானத்தில் எல்லாரும் அப்படித்தான்.

பகலில் பக்கத்து வாகட் ஏரியாவில் டெலிவரி வேலை. மாடி மாடியாக ஏறி ஐடிக்காரர்களுக்குச் சாப்பாடு கொடுப்பான். “அங்கயும் கீப்பிங்தான் சாச்சா. வர்றதை எல்லாம் பிடிக்கணும். ஒண்ணு விட்டா ரேட்டிங் போச்சு” என்பான்.

நல்ல கீப்பர். நான் சொல்வதை நம்ப வேண்டாம். எங்களிடம் தோற்ற கோச்சுகளைக் கேளுங்கள்.

அவனுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஒரு அரசு டிபார்ட்மென்ட்டில் ஸ்போர்ட்ஸ் கோட்டா. கோல்கீப்பருக்கு ஓர் இடம். நிரந்தர வேலை, பென்ஷன், குவார்ட்டர்ஸ். இந்த சீசனில் லீக் ஆடியதற்கு சர்ட்டிஃபிகேட் வைக்க வேண்டும். வயது இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும்.

செல்வினுக்கு இருபத்தைந்து முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்... நான் வைத்துக்கொள்ளவில்லை.

இனி சண்டைக்கு வருகிறேன்.

எங்கள் லீக்கில் ஒரு ரூல் உண்டு. வருஷா வருஷம் கடைசி இரண்டு கிளப் செகண்ட் டிவிஷனுக்கு இறங்கும். போன சீசனில் நாங்கள் கடைசியிலிருந்து நான்காவது. தப்பித்தோம் என்று மூச்சு விட்டோம். மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் லீக்கிலிருந்து சர்க்குலர் வந்தது. ஐந்து புது டீம்கள் நேராக ஃபர்ஸ்ட் டிவிஷனில் ஆடும். கம்பெனி டீம்கள். சொந்த பஸ், சொந்த டாக்டர். அவர்களுக்கு இடம் வேண்டும். ஆகவே கீழே இருக்கும் ஐந்து கிளப்பும் இறங்க வேண்டும்.

ரூல் புத்தகத்தில் இரண்டு. சர்க்குலரில் ஐந்து. அநியாயமா, இல்லையா? அநியாயம்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

கேம்ப் ஏரியாவில் ஒரு டீக்கடையில் ஐந்து கிளப் செக்ரட்டரிகளும் கூடினோம். டீ, வெண்ணெய் தடவிய பன் மஸ்கா. கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி பவார். கட்கிப் பக்கம் ஒரு கிளப் வைத்திருப்பவர். மேசையைத் தட்டினார்.

“இது இஸ்ஸத் பிரச்சினை பாய். முப்பது வருஷமா ஃபர்ஸ்ட் டிவிஷன்ல இருக்கோம். நேத்து வந்தவனுக்கு எழுந்து இடம் விடணுமா?”

மானம் என்றதும் எல்லாருக்கும் சூடு ஏறியது. எனக்கும் ஏறியது. நான் இன்னொன்றும் சேர்த்துச் சொன்னேன்.

“எங்க கீப்பருக்கு வேலை வரப் போகுது. செகண்ட் டிவிஷன் சர்ட்டிஃபிகேட்டை எவன் மதிப்பான்?”

எல்லாரும் தலையாட்டினார்கள். கோர்ட்டுக்குப் போவது என்று முடிவானது.

அந்த மேசையைச் சுற்றி ஐந்து நாற்காலி. ஒன்றில்கூட ஒரு பிளேயர் இல்லை. அது அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

வக்கீல் பவாருக்குத் தெரிந்தவர். நல்ல மனிதர். மனு தயாரானது. மொத்தம் இங்கிலீஷ். எனக்குத் தமிழ் எழுத வரும். ஹிந்தி பேச வரும். மராத்தி புரியும். இங்கிலீஷ் – ஷூ நம்பர் படிக்கிற அளவுக்கு.

முதலில் யார் கையெழுத்துப் போடுவது என்று பேச்சு வந்தது. பேனா என் பாக்கெட்டில் இருந்தது. அதனால் நான் முதல் மனுதாரர். அவ்வளவுதான் காரணம்.

நோட்டரி என்னைப் பார்த்து “சமஜலா கா?” என்று மராத்தியில் கேட்டார். புரிந்ததா என்கிறார். “ஹோ”, ஆமாம், என்றேன். கையெழுத்துக்கு மேலே ஒரு வரி இருந்ததாம். மனுவில் உள்ளதை எனக்கு என் தாய்மொழியில் விளக்கிச் சொன்னார்கள், நான் புரிந்துகொண்டேன் என்று. தாய்மொழியில்! அந்த அறையில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். எனக்கு நானே விளக்கியிருந்தால்தான் உண்டு.

இரண்டாவது ஹியரிங்கிலேயே ஸ்டே கிடைத்தது.

அடடா, அன்றைய கொண்டாட்டம்! பேடா வாங்கி மைதானத்துக்குக் கொண்டுபோனேன். ஒருத்தன் டோல் மேளம் கொண்டுவந்தான். பசங்கள் ஆடினார்கள். செல்வின் என்னைத் தூக்கி கோல் போஸ்ட் வரைக்கும் கொண்டுபோய் இறக்கினான். இந்த வயதில் என்னைத் தூக்கி யாரும் கொண்டாடியதில்லை. பிடித்திருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மேட்ச் இல்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாவது ஞாயிறு என் வீட்டுக்காரி காலை டீயை நங்கென்று வைத்தாள்.

“கேஸ் ஜெயிச்சாச்சுன்னு சொல்லுதிய. அப்பொறம் ஏன் ஞாயித்துக்கெழம காலையில வீட்டுல உக்காந்திருக்கிய?”

“லீக் ஆரம்பிக்கலை.”

“ஜெயிச்சவங்க நீங்க. ஆரம்பிக்கச் சொல்ல வேண்டியதுதான?”

லீக்கிலிருந்து வந்த மெசேஜைத் திரும்பக் காட்டினேன். கோர்ட் உத்தரவுப்படி இந்த சீசன் லீக் நிறுத்திவைக்கப்படுகிறது என்று இருந்ததைப் பசங்கள் படித்துச் சொல்லியிருந்தார்கள். வீம்புக்குச் செய்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தோற்றவன் பந்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான் இல்லையா, அந்த மாதிரி.

“வீம்பா இல்லியான்னு கேஸ் பேப்பர எவருகிட்டயாச்சும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க” என்றாள்.

வாகட்டில் இந்தப் பத்தியின் வாசகர் ஒருவர் இருக்கிறார். கோயம்புத்தூர்க்காரர். ஐடியில் பெரிய வேலை. பேப்பர்களை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். செல்வின்தான் பைக்கில் கூட்டிப்போனான். அவன் ஆர்டர் எடுக்கப் போய்விட்டான். நான் பதினோராவது மாடிக்குப் போனேன்.

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். நடுவில் நிறுத்தினார். பின்னால் திருப்பினார். மறுபடியும் கடைசிப் பக்கம் வந்தார்.

“ஏனுங்க, நீங்க கோர்ட்டுல என்ன கேட்டீங்கன்னு தெரியுங்களா?”

“எங்களைக் கீழ இறக்கக் கூடாதுன்னு கேட்டோம்.”

“அது மொதல்ல இருக்குதுங்க. கடைசிப் பக்கத்துல இன்னொண்ணும் கேட்டிருக்கறீங்க. இந்தக் கேஸ் முடியற வரைக்கும் லீக்குல ஒரு மேட்சும் நடத்தக் கூடாதுன்னு.”

“லீக்காரங்க கேட்டதா?”

“இல்லீங்க. நீங்க கேட்டது. மொதல் கையெழுத்தே உங்களுதுதானுங்க. தமிழ்ல போட்டிருக்கறீங்க.” இன்னொரு தடவை அதைப் பார்த்தார். “கையெழுத்து நல்லா இருக்குதுங்க.”

அவர் வீட்டில் ஃபில்டர் காபி கொடுத்தார்கள். குடித்தேனா என்று ஞாபகம் இல்லை.

வக்கீலிடம் போனேன். அவர் சிரித்தார்.

“பாய், எல்லாரும் அப்படித்தான் கேக்கறது. மேட்சை நிறுத்தினாதான் லீக் வழிக்கு வரும். கழுத்தைப் பிடிச்சிருக்கோம்.”

“அதே கழுத்துதானே சார் எங்களுக்கும்?”

அவர் அடுத்த ஃபைலைப் பிரித்தார். வாபஸ் வாங்கலாமா என்று கேட்டேன். வாங்கலாம், ஐந்து கிளப்பும் சேர்ந்து வாங்கினால். நான் மட்டும் விலகினால்? எங்கள் கிளப் மட்டும் கீழே போகும். ஸ்டே அப்படியே இருக்கும். லீக் அப்போதும் நடக்காது.

நான்கு பேருக்கும் போன் போட்டேன். மூன்று பேர், பவார் சொன்னால் சரி என்றார்கள். பவாரை நேரில் பார்த்தேன்.

“ஜெயிச்சுக்கிட்டிருக்கும்போது எவனாவது மைதானத்தை விட்டு வருவானா பாய்?”

“செல்வினுக்கு வயசு முடியுது.”

“ஒரு சீசன்தானே. கிளப் எங்க ஓடிடப் போகுது?”

உண்மைதான். கிளப் எங்கேயும் ஓடாது. கிளப்புக்கு வயது வரம்பு கிடையாது. லீக்குக்கும் கிடையாது. வழக்குக்குச் சுத்தமாகக் கிடையாது. வயது ஏறுவது ஆடுகிறவனுக்கு மட்டும்தான். இதை எந்த ரூல் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை.

கடைசியாக லீக் ஆபீசுக்கே போனேன். ஸ்டேடியம் கேலரிக்குக் கீழே ஒரு ரூம். லீக் செக்ரட்டரியை வில்லன் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். எனக்கு நாற்காலி போட்டு, டீ சொன்னார்.

“நானும் ஆடினவன்தான் பாய். லெஃப்ட் விங். உங்க பையனை எனக்குத் தெரியும். நல்ல கை.”

“வேற ஊர் லீக்குல ஆட ரிலீஸ் கொடுங்க சார். அங்க ஆடி சர்ட்டிஃபிகேட் வாங்கிக்குவான்.”

“லீக் நின்னா ரிலீஸும் நிக்கும். எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடாதேன்னு எங்க வக்கீல் சொல்லிட்டார்.”

அவர்களுடைய வக்கீல் நல்ல வக்கீல் போலிருக்கிறது. எங்களுடையவர் எல்லாவற்றிலும் போடச் சொன்னார்.

“சரி சார். அந்த அஞ்சு கம்பெனி டீமாவது என்ன பண்ணுது?”

“அவங்களா? லீக் நடக்காதுன்னு தெரிஞ்சதும் வேற டோர்னமென்ட்டுக்குப் போயிட்டாங்க. இனி வர மாட்டாங்க.”

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

“வர மாட்டாங்களா? அப்போ எங்களை இறக்க வேண்டிய தேவையே இல்லையே சார். பின்ன எதுக்கு கேஸ்?”

“இறக்கற அதிகாரம் லீக்குக்கு உண்டா இல்லையான்னு கோர்ட் சொல்லணும்ல? இப்ப விட்டுக்கொடுத்தா நாளைக்கு ஒவ்வொரு கிளப்பும் கேஸ் போடும்.”

பவாரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். இப்போது விட்டால் நாளைக்கு லீக் இன்னும் ஏறும் என்று. இரண்டு பேரும் நாளையைப் பற்றியே பேசுகிறார்கள். மேட்ச் இன்றைக்கு அல்லவா நடக்க வேண்டும்?

ஒரே ஒரு நம்பிக்கை மீதி இருந்தது. போன புதன்கிழமை ஹியரிங். அன்றைக்கு ஜட்ஜ் ஸ்டேவை எடுத்துவிட்டால் அடுத்த ஞாயிறே லீக் தொடங்கலாம். செல்வின் நான்கு மேட்ச் ஆடலாம். சர்ட்டிஃபிகேட் வாங்கலாம். நாங்கள் தோற்றால் போதும்.

என் கிளப் தோற்க வேண்டும் என்று நான் துவா செய்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

காலை லோக்கல் ரயிலில் போனேன். கோர்ட்டில் கடைசி பெஞ்ச். எங்கள் கேஸ் நம்பரைக் கூப்பிட்டார்கள். இரண்டு வக்கீல்களும் எழுந்தார்கள். லீக் வக்கீல் ஸ்டேவை எடுக்கச் சொல்லி ஏதோ ஆரம்பித்தார். எங்கள் வக்கீல் உடனே கையைக் கட்டிக்கொண்டு, பதில் தாக்கல் செய்ய டைம் வேண்டும் என்றார். அதுவரை ஸ்டே நீடிக்க வேண்டும் என்றார். ஜட்ஜ் தேதி பார்த்தார். மூன்று வாரம் கழித்து ஒரு தேதி சொன்னார்.

மூன்று வாரம். அதற்குப் பின் இரண்டு வாரம் மிஞ்சும். இரண்டு ஞாயிறு. இரண்டு மேட்ச் ஆடினாலும் ஆடியதுதானே? எனக்கு மூச்சு வந்தது.

எங்கள் வக்கீல் டைரியைப் புரட்டினார். அந்த வாரம் அவர் மச்சான் கல்யாணமாம். வேறு தேதி கேட்டார். லீக் வக்கீலும் டைரியைப் பார்த்து ஆட்சேபனை இல்லை என்றார். அவருக்கும் ஏதோ இருந்திருக்கும். புதுத் தேதி குறித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து.

நான் எழுந்து நின்றுவிட்டேன். என்ன சொல்ல நினைத்தேன் என்று தெரியாது. எந்த மொழியில் சொல்ல நினைத்தேன் என்றும் தெரியாது. டவாலி என்னைப் பார்த்து உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். அதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் எங்கள் வக்கீல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ஸ்டே நீடிக்குது பாய். ஜெயிச்சாச்சு.”

நான் திரும்பி வருவதற்குள் பவார் எங்கள் போன் குரூப்பில் கைதட்டும் பொம்மைகளை வரிசையாக அனுப்பியிருந்தார்.

மறுநாள் காலை மைதானத்துக்குப் போனேன். செல்வின் தனியாகப் பந்தைச் சுவரில் அடித்து அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தான். டெலிவரிக்குப் போகும் முன்னால் தினமும் ஒரு மணி நேரம். சீசன் இல்லாத சீசனிலும்.

“தேதி எப்போ சாச்சா?”

சொன்னேன்.

அவன் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். கணக்குப் போடவெல்லாம் இல்லை. அவனுக்கு அந்தக் கணக்கு எப்போதும் தெரியும்.

“அச்சா,” என்றான். “அப்போ முடிஞ்சது.”

கத்தியிருக்கலாம். என் சட்டையைப் பிடித்திருக்கலாம். நான் அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவன் ஒன்றும் செய்யவில்லை. எனக்குத்தான் வாய் நிற்கவில்லை.

“டேய், உனக்காகவும்தான்டா அந்தக் கேஸ்ல கையெழுத்துப் போட்டேன். ஃபர்ஸ்ட் டிவிஷன் சர்ட்டிஃபிகேட் இல்லாட்டி உனக்கு அந்த வேலை...”

“ஃபர்ஸ்ட் டிவிஷனா? யார் சொன்னாங்க?”

“யார் சொல்லணும்? தெரிஞ்சதுதானே?”

அவன் பந்தைக் கீழே வைத்தான். போனை எடுத்து, வேலைக்கான நோட்டீஸைத் திறந்து, விரலை வைத்துக் காட்டினான். எனக்குப் படிக்க வராது என்று நினைவு வந்ததும் அவனே படித்தான்.

“டிஸ்ட்ரிக்ட் லீக் விளையாடி இருக்கணும். அவ்ளோதான் இருக்கு சாச்சா. கோன்சா டிவிஷன்னு இல்ல. செகண்ட் கூட சலேகா.” எந்த டிவிஷன் என்று கேட்கவே இல்லையாம்; செகண்ட் ஆனாலும் போதுமாம்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“ஷுரூல, மொதல்ல இருந்தே தெரியும்.”

“ஏன்டா எங்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கல சாச்சா. நீங்க எல்லாம் கேம்ப்ல மீட்டிங் போட்டீங்க. அப்புறம் பேடா கொடுத்தீங்க. எல்லாரும் டோலுக்கு நாச்சினாங்க... நானும் நாச்சினேன்.”

அவன் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

“இப்ப என்னடா பண்ணப் போற?”

“டெலிவரிக்கு ஏஜ் லிமிட் இல்ல சாச்சா,” என்று சிரித்தான். போன் கூவியது. முதல் ஆர்டர். க்ளவுஸைப் பைக் பெட்டிக்குள், சாப்பாட்டுப் பைக்கு அடியில் போட்டான். கிளம்பிவிட்டான்.

நான் அவன் விட்டுப்போன பந்தை எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்தேன்.

கணக்கு ரொம்பச் சின்னது. லீக் செய்த அநியாயத்தை வாயை மூடிக்கொண்டு ஏற்றிருந்தால் நாங்கள் செகண்ட் டிவிஷனுக்குப் போயிருப்போம். கரடு முரடு மைதானம், பத்துப் பேர் வேடிக்கை பார்க்கும் மேட்ச். செல்வின் அங்கே ஆடியிருப்பான். அடுத்த மாதம் வேலைக்குப் போயிருப்பான். அநியாயம் அவனுக்கு ஒரு கெடுதலும் செய்திருக்காது. நாங்கள் கேட்டு வாங்கிய நியாயம் செய்துவிட்டது.

அப்படியானால் அநியாயத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா? எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான் – சண்டைக்குப் போவதற்கு முன்னால், யாருக்காகப் போகிறோமோ அவனைக் கூப்பிட்டு, உனக்கு என்னப்பா வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அதற்கு இங்கிலீஷ் தேவையில்லை. எட்டாவதுகூடத் தேவையில்லை.

மற்றபடி, எங்கள் கிளப் இன்றைக்கும் ஃபர்ஸ்ட் டிவிஷன்தான். கோர்ட் ஆர்டர் இருக்கிறது.